அறுவடைக் காலத்து முயலும் மூன்றடிக் கம்பி வலையும்

திருநெல்வேலிச் சீமையின் மானாவாரிக் கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறவர்களுக்கு முயலைத் தடுக்கவென்று கடைகளில் இன்று விற்கப்படும் பொருள்களில், கொடுத்த காசுக்குத் தகுந்த வேலையைச் செய்வது மூன்றடி உயரமும் ஓரங்குலக் கண்ணும் உடைய, துத்தநாகம் பூசிய கம்பி வலை ஒன்றுதான் என்பது என் முடிவு. கடைக்காரர்கள் இதைக் கோழி வலை என்றே சொல்கிறார்கள். முயலுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட பொருள் அல்ல இது. மானூருக்கு வடக்கே ஓடைக்கரையை ஒட்டிய உளுந்துக் காட்டில் (எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் காடு என்போம்), ஐப்பசி விதைப்பிலிருந்து தை மாத அறுப்பு வரை இதைக் கட்டி வைத்துப் பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். வலையோடு சேர்த்து விற்கப்படும் சூரிய ஒளி விளக்கு, ஒலிக்கருவி, ஏர் கன் ஆகியவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கடைக்குள் நுழைந்து முயல் என்று வாயெடுத்தவுடன் மேசைக்கு முதலில் வருவது வலை அல்ல.

நான் போன கடையில் முதலில் வந்தது ஏர் கன். "முயலுக்கா அண்ணாச்சி? இதை ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, காவலுக்குக் காவலும் ஆச்சு, கறிக்குக் கறியும் ஆச்சு" என்று விற்பனையில் நின்ற தம்பி சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளிநாட்டு வயல்களில் அறுவடை இயந்திரத்துக்கு முன்னால் முயல்கள் சிதறி ஓட, ஓரத்தில் நிற்கிறவர்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தும் காணொளிகள் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வருகிற இளவட்டங்கள்தான் இந்தத் துப்பாக்கியை அதிகம் வாங்குகிறார்கள் என்று அவரே சொன்னார்.

அந்தக் காணொளிகளில் நடப்பது பொய்யல்ல. ஆனால் அது அந்த நாடுகளின் கதை. இங்கிலாந்தில் கோதுமை அறுவடையின்போது இயந்திரம் வயலைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி வெட்டிக்கொண்டே வர, பயிருக்குள் பதுங்கியிருந்தவையெல்லாம் நடுவில் மிஞ்சும் கடைசிப் பட்டைக்குள் ஒடுங்கி, அதுவும் சரிகிற நேரத்தில் நாலாபக்கமும் பாயும். நிலத்தை உழுது பயிர் செய்கிற குத்தகைக்காரர், தன் பயிரைத் தின்னும் முயலைக் கொல்லும் உரிமையை அந்த நாட்டுச் சட்டம் 1880ஆம் ஆண்டிலேயே கொடுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக 1859ஆம் ஆண்டு தருவித்து விட்ட இரண்டு டஜன் அளவிலான முயல்களின் வழி பெருகியவை புல்வெளிகளை மொட்டையடித்தன. அவற்றைத் தடுக்க மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901ஆம் ஆண்டு தொடங்கி 1907ஆம் ஆண்டு முடித்த வேலிகளின் மொத்த நீளம் மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. அங்கே துன்பம் கொடுப்பது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல். நம் கரிசலில் திரிவது பிடரியில் கறுப்புத் திட்டுள்ள நாட்டு முயல். இது வளை தோண்டுவதில்லை. உடைமரத்தடியிலோ கோரைப் புல்லுக்கு நடுவிலோ தன் உடம்பு கொள்ளுமளவு படுகை அமைத்துக்கொண்டு பகலெல்லாம் அசையாமல் கிடந்து, இருட்டியபின் பெரும்பாலும் தனியாகவே மேய வரும். இதன் குட்டிகள் கண் திறந்தும் மயிர் மூடியும் பிறக்கின்றன. ஓரீற்றில் ஒன்று முதல் நான்கு வரைதான். வலையை எப்படிக் கட்டுவது என்பதற்கு இந்த வேறுபாடு முக்கியம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஏர் கன்னைப் பொறுத்தவரை சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 0.177 அங்குலக் குழல் அளவுள்ள, இருபது ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலுடைய காற்றுத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை; அது இலக்கு நோக்கிச் சுட்டுப் பழகுவதற்கு. அதை வைத்து முயலைச் சுடலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நாட்டு முயல் முன்பு, வேட்டையாடத் தடையுள்ள விலங்குகளின் நான்காம் பட்டியலில் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதே திருத்தம் இவ்வகைக் குற்றங்களுக்கான அபராதத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஓரிலட்சம் ரூபாயாக உயர்த்தியது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமல்லாமல் கண்ணி வைப்பது, பொறி வைப்பது, நாயை விட்டுத் துரத்திப் பிடிப்பது ஆகியவையும், இவற்றில் எதற்குமான முயற்சியும் அடங்கும். குறி தப்பினாலும் குற்றம்தான். பிடிபட்டால் துப்பாக்கியோடு, ஏறி வந்த மோட்டார் சைக்கிளும் பறிமுதலாகும்.

பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் உண்டே என்று பெரியவர்கள் கேட்பார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ள உரிமம் தருவதைப் பற்றிப் பேசுகிறது. அது துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கான உரிமம். பட்டியலில் உள்ள விலங்கைக் கொல்வதற்கான உரிமம் அன்று. பயிரை அழிக்கும் இரண்டாம் பட்டியல் விலங்கைக் கொல்லத் தலைமை வனவுயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் அனுமதிக்கலாம் என்று அந்த வனவுயிரினச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது காட்டுப்பன்றிக்கு மட்டுமே உரியது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அவற்றைச் சுடுவதும் வனத்துறையினர் பொறுப்பில் நடப்பதே தவிர, விவசாயி கையில் துப்பாக்கி கொடுப்பது அன்று. முயலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பயிர்க் கணக்கை மட்டும் பார்த்தாலும் அறுவடைக் காலத்தில் முயலைச் சுடுவதால் ஒரு படி உளுந்துகூட மிஞ்சாது. முயல் உளுந்தைக் கெடுப்பது பெரும்பாலும் முளைத்து இரண்டு மூன்று வாரங்களுக்குள். இளந்தளிர்தான் அதற்கு வேண்டும். எழுபது நாள் பயிரில் காய் முற்றிக் கறுத்து இலை பழுக்கிற கட்டத்தில், அதற்கு அந்தச் செடியின்மேல் உள்ள ஆசை பெருமளவு குறைந்துவிடுகிறது. இரண்டாவது ஆபத்து தாமதமாக விதைத்தவர்களுக்கு மட்டுமே வரும்: சுற்றியுள்ள காடுகளெல்லாம் அறுப்பாகி வெறும் தரையான பிறகு, இன்னும் பச்சை மிஞ்சியிருக்கும் ஒரே துண்டுக்குள் பக்கத்து முயல்களெல்லாம் வந்து சேரும். அறுப்பு நாளன்று செடிக்குள்ளிருந்து பாய்ந்தோடும் முயலோ, அன்றைக்கு மேயவே வரவில்லை. நிழலுக்குப் படுத்திருந்தது எழுந்து ஓடுகிறது. அதைச் சுடுகிறவர் பயிரைக் காப்பதற்காகச் சுடுகிறார் என்று சொல்ல முடியாது, பயிர்தான் களத்துக்குப் போய்விட்டதே. சிப்பிப்பாறை நாயோடும் தடியோடும் பொழியில் காத்து நின்ற பழைய வேட்டையின் தொடர்ச்சி அது. அதற்குக் காவல் என்று பெயர் சூட்டித்தான் அந்தத் துப்பாக்கி விற்கப்படுகிறது. போதாக்குறைக்கு, வரிசையாகக் குனிந்து உளுந்து பிடுங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நடுவே, தரையோடு தரையாக ஓடும் ஒன்றைக் குறிவைத்து ஈயக் குண்டு விடுவது என்னவகைக் காவல் என்று எனக்கு விளங்கவில்லை.

வலை வாங்குவதற்கு முன்னால், தின்றது முயல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். முயல் கடித்த தண்டு, கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் மழுங்காமல் இருக்கும். மான் கடித்தது பிய்த்து இழுத்த நார்களோடு இருக்கும், அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. எலி கடித்த செடியருகே வளையும் துண்டு துண்டான தண்டும் கிடக்கும். முயல் மேய்ந்த இடத்தில் உருண்டைப் புழுக்கைகள் சிதறிக் கிடக்கும். காய் முற்றிய பருவத்தில் நெற்றுகள் உடைந்து கிடந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது மயிலை. நம் பக்கத்தில் முயலின் மேல் போடப்படும் பழியில் ஒரு பெரும் பங்கு மயிலுடையது என்பது என் எண்ணம். கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயத்தைச் சுற்றியுள்ள காடுகளில் மானும் வரும். மயிலுக்கும் மானுக்கும் மூன்றடி வலை ஒரு பொருட்டே அல்ல. ஒருவர் இந்தச் சோதனையைச் செய்யாமல் வலையை வாங்கிக் கட்டிவிட்டு, வலை வேலை செய்யவில்லை என்று குறை கூறுவாரானால் அது வலையின் குற்றமாகாது.

இனி வலையின் தரம். அறுகோணக் கண் வலை கடைகளில் அரையங்குலம், முக்கால் அங்குலம், ஓரங்குலம், ஒன்றரை, இரண்டு அங்குலம் என்று பல அளவில் கிடைக்கிறது. குழிமுயலுக்கென்று இங்கிலாந்தில் பரிந்துரைக்கப்படுவது 31 மில்லிமீட்டர் கண். அந்த அளவு நம் கடைகளில் கிடைப்பதில்லை, அதற்கு நெருங்கியது ஓரங்குலமே. இரண்டங்குலக் கண் விலை மலிவு என்று ஆசைப்பட வேண்டாம். குட்டி அதில் நுழைந்துவிடும், சற்று வளர்ந்தது தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கம்பியின் கனத்தைக் கேஜ் கணக்கில் சொல்கிறார்கள், எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை அறியாதவர்கள் 24 என்றால் 20ஐ விட உறுதி என்று நினைத்து வாங்கி வந்துவிடுவதுண்டு. 24 கேஜ் வலையை ஆடு ஒருமுறை சாய்ந்து உரசினாலே தொய்ந்துவிடும். நான் எடுத்தது 22. இன்னொரு முறை வாங்கினால், கனமாக இருந்தாலும் 20 கேஜே எடுப்பேன்.

முலாம் பூச்சில் இரண்டு வகை உண்டு. பின்னிய பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையில், கம்பி முறுக்கிய முடிச்சுகளும் பூச்சுக்குள் மூடியிருக்கும். முலாம் பூசிய கம்பியைப் பின்னிச் செய்த வலையில், முறுக்கும்போது பூச்சு விரிந்து அந்த முடிச்சுகளிலிருந்துதான் துரு தொடங்கும். கடையில் இந்த வேறுபாட்டைக் கேட்டால் சிலருக்குத் தெரிவதில்லை. முடிச்சின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள், வழுவழுப்பாகச் சேர்ந்திருந்தால் முதல் வகை. எனக்கு வந்த சுருள்களில் பெரும்பாலானவை முதல் வகையாக இருந்தன, சில கலந்து வந்தன. கலந்து வந்தவற்றில் மண்ணோடு ஒட்டிய அடிவரிசை அறுப்புக்குள்ளேயே பழுப்பேறிவிட்டது. சுருளின் நீளத்திலும் குறை இருந்தது. ஐம்பதடி என்று சீட்டு ஒட்டிய சுருள்களை விரித்து அளந்தால் நாற்பத்தாறு, நாற்பத்தேழு அடிதான் வந்தது. கடைக்காரர் முதலில் மறுத்து, பிறகு கட்டுக்கம்பியை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அதை நியாயமான ஈடு என்று நான் ஏற்கவில்லை. வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு சுருளைப் பிரித்து அளந்துவிட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

கட்டும் முறைதான் இந்தப் பொருளின் பயனைத் தீர்மானிக்கிறது. பத்தடிக்கு ஒன்றாக உடைமரக் கம்புகளை ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, மேலே ஒரு கட்டுக்கம்பியை விறைப்பாக இழுத்து, அதில் வலையைத் தொங்கவிட வேண்டும். மூன்றடி அகலத்தில் அரையடியைக் காட்டுக்கு வெளிப்புறமாகத் தரையில் மடக்கிவிட்டு மேலே மண்ணோ கல்லோ போட்டு அமுக்க வேண்டும். வேலியருகே வரும் முயல் அதன் அடியில் மூக்கை நுழைத்துத்தான் வழி தேடும். மடக்கிய வலையின் மேலேயே அது நின்றுகொண்டிருப்பதால் அதற்கு அடி அகப்படாது. குழிமுயலுக்கு வலையைப் புதைத்தே தீர வேண்டும் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சில சொல்வதைப் படித்துவிட்டு வாய்க்கால்போல் தோண்டத் தொடங்கிவிடாதீர்கள். தோண்டும் பழக்கமில்லாத நம் முயலுக்கு அந்தக் கூலி வீண். மிஞ்சுகிற இரண்டரை அடி உயரமும் போதுமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. நாய் துரத்தினால் அதற்கு மேலேயும் தாண்டக்கூடிய விலங்குதான். ஆனால் நிதானமாக மேய வருகிற முயல் தாண்டுவதைவிட நுழைவதையே நாடுகிறது என்பதை ஈரமண்ணில் வேலியோரமாகப் பதிந்த தடங்களிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கரிசல் மண் இந்த வேலிக்கு ஒரு சோதனை வைக்கிறது. விற்கிற யாரும் இதைச் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பிச் சேறாகிற அதே மண், மார்கழிப் பனி முடிந்து தை வெயில் ஏறும்போது சுருங்கி வாய் பிளக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை போகும் வெடிப்புகள் வேலியின் குறுக்கே ஓடும்போது, ஊன்றிய கம்புகள் ஆடத் தொடங்குகின்றன, வலையின் அடியில் புதிய வாசல்கள் திறக்கின்றன. தாமதமாக விதைத்தவருக்கு வலை மிகவும் தேவைப்படுகிற நேரமும் இதுதான் என்பது இதிலுள்ள வேடிக்கை. வாரத்துக்கு ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து, வெடிப்புகளில் பொடிமண்ணைத் தள்ளி மிதித்துவிட வேண்டியிருக்கிறது. செவல் நிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு வலை இன்னும் எளிதாகவே நிற்கும். இன்னொன்று கடவு. வண்டி போகவர விட்ட கடவை வெறும் முள் வைத்து அடைத்தால், சுற்றிலும் கட்டிய வலைக்கான செலவு முழுவதும் அந்த ஒரு சந்தில் ஒழுகிப் போய்விடும். அங்கேயும் வலையைச் சட்டமடித்து, அடியில் ஒரு பலகை பதித்தேன்.

செலவைப் பார்ப்போம். நான் வாங்கியபோது சுருள் ஒன்று ஆயிரத்து இருநூறு ரூபாயை ஒட்டி இருந்தது. சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. ஐம்பதடிச் சுருளில் பதினேழு வேண்டும், இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகும். உளுந்துக்கு 2025–26ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். மானாவாரியில் ஏக்கருக்கு மூன்று குவிண்டால் கண்டால் நல்ல விளைச்சல் என்போம். ஆக, தனியொரு ஏக்கருக்கு வேலி போடுகிறவர் ஓராண்டு மகசூலையே கம்பியாக வாங்கி நிறுத்துகிறார். அது அறிவுடைய செலவு அன்று. ஆனால் பத்து ஏக்கர் சதுரத்தின் சுற்றளவு 2,640 அடிதான், ஐம்பத்து மூன்று சுருள் போதும்; ஏக்கருக்கு ஐந்தரைக்கும் குறைவு. ஆகையால் அடுத்தடுத்த காட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகக் கட்டிக்கொண்டால்தான் இந்தப் பொருளுக்கு உண்மையான பொருளாதாரம் உண்டாகிறது. எங்கள் பக்கம் சித்தப்பா மகன் நிலத்தையும் பக்கத்துக் காட்டையும் சேர்த்துத்தான் சுற்றினோம். பாகப்பிரிவினையில் நாடாவாக நீண்டுவிட்ட துண்டுகளுக்குக் கணக்கு இன்னும் மோசம்: நூறடி அகலத்தில் ஓர் ஏக்கர் என்றால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும்.

எத்தனை பருவத்துக்கு வலை நிற்கும் என்பது, அறுப்பு முடிந்ததும் அதைக் கழற்றுகிற கவனத்தைப் பொறுத்தது. கட்டுக்கம்பியை வெட்டி, மடக்கிய அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் மண்ணை உதிர்த்து, மண்வெட்டிக் கணையைச் சுற்றி இறுகச் சுருட்டி, தரையில் படாமல் பரணில் வைத்துவிட்டால் அடுத்த விதைப்புக்கு எடுக்கலாம். கழற்றாமல் விட்டால் கிடை போட வரும் ஆடுகளும் கோடையில் ஏறும் கொடிகளும் அதைக் குப்பையாக்கிவிடும். கழற்றி மறுபடி கட்ட முடிவது இந்த வலையின் பெரிய நன்மை.

விளக்கையும் ஒலிக்கருவியையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொண்டு இரவெல்லாம் சிவப்பாகக் கண்சிமிட்டும் விளக்கு, முதல் சில இரவுகள் முயலை மிரள வைத்தது. அதன்பின் விளக்குக் கம்பத்தைச் சுற்றியே புழுக்கை கிடந்தது. ஆபத்து எதுவும் தொடர்ந்து வராத ஓர் ஒளிக்கோ ஒலிக்கோ விலங்குகள் பழகிவிடும் என்பது எல்லாரும் அறிந்ததே. நாய் குரைப்பும் வேட்டுச் சத்தமும் மாறி மாறி எழுப்பும் ஒலிபெருக்கி, முயலைவிட அரை மைல் தூரத்தில் கிடை போட்டிருந்தவர்களையே அதிகம் எழுப்பியது. அவர்கள் வந்து கேட்டபோது பதில் சொல்ல எனக்கு நியாயம் இல்லை.

சூரிய மின்வேலி நல்ல பொருள்தான், முயலுக்கு அது ஒத்துவராது. முயலைத் தடுக்க அடிக்கம்பி தரையிலிருந்து நான்கங்குலத்துக்குள் ஓட வேண்டும். மழைக்காலத்தில் அந்த உயரத்துக்குக் கோரையும் அறுகும் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்துடிப்பை மண்ணுக்குள் இறக்கிவிடும். மேலும், 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த விதிகள் கொண்டுவந்துள்ளது. வாங்குவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது முறை. பம்புசெட்டிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து வேலியில் விடுகிறவர்களைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை. அது மனிதனைக் கொல்லும் குற்றம்.

உவரி, கூத்தங்குழிப் பக்கத்திலிருந்து பழைய மீன்வலைகளை வாங்கிவந்து வேலியாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விலையில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் மெல்லிய நூல் வலை விறைப்பாக நிற்பதில்லை. தொய்ந்த மடிப்புகளில் முயலும் உடும்பும் சாரைப்பாம்பும் சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய முயலைக் காலையில் யார் என்ன செய்வார்கள் என்பது ஊரறிந்தது, அதற்குப் பிறகு வேலி என்ற பெயரில் வைத்தது கண்ணியா என்று வனக்காவலர் கேட்டால் மறுமொழி சொல்வது கடினம். கம்பி வலையில் நாங்கள் கண்டவரை எதுவும் சிக்கவில்லை.

அறுப்பு நாளுக்கு வலை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டிய பிறகும் உள்ளேயே தங்கிவிட்ட முயல் ஒன்றிரண்டு இருக்கலாம், குட்டியும் இருக்கலாம். வேலி மூடியிருக்க, நாலு பக்கமிருந்தும் பிடுங்கிக்கொண்டு நடுவுக்கு வந்தால் அவை வலையில் முட்டிச் சாகும், அல்லது தடியோடு ஓடி வருகிறவர்களுக்குத் தீனியாகும். ஓடைக்கரைப் பக்கத்து வலையை முந்தின நாள் மாலையே சுருட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பிடுங்கத் தொடங்கி அந்தத் திறந்த பக்கத்தை நோக்கி நகர்ந்தால், உள்ளே இருப்பது தானாக வெளியேறிவிடும். அறுவடை இயந்திரம் கொண்டு அறுக்கிறவர்கள் ஓட்டுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவர்களுக்குச் சுற்றி வந்து அறுப்பதே பழக்கம். எங்கள் காட்டில் அப்படிச் செய்தபோது கூலிக்கோ நேரத்துக்கோ கூடுதல் எதுவும் ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் மட்டும் ஏமாற்றத்தோடு போனார்கள்.

மொத்தத்தில் பத்துக்கு ஏழு மதிப்பெண் கொடுப்பேன். குறைத்த மூன்றில் ஒன்று சுருள் நீளத்துக்கும் கலப்பு முலாமுக்கும், ஒன்று கரிசல் வெடிப்பில் கேட்கும் பராமரிப்புக்கும், ஒன்று தனி ஏக்கர்க்காரருக்குக் கட்டுப்படியாகாத விலைக்கும். களக்காடு, பாபநாசம், கடையம் என்று மலையடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். அங்கே வருவது காட்டுப்பன்றி. 20 கேஜ் ஆனாலும் 24 கேஜ் ஆனாலும் ஒரே இரவில் மூக்கால் கிளப்பிச் சுருட்டிப் போட்டுவிடும்.